நாட்குறிப்புகள் காட்டும் பிரித்தானியக் கட்சி அரசியல்



தமிழில் நாட்குறிப்பு என்றவுடன் முதற்கண் நினைவுக்கு வருபவர் ஆனந்தரங்கப் பிள்ளை. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சின் துபாசியாக விளங்கிய அவருடைய குறிப்புகள் 1736 முதல் 1761 வரையிலான காலத்தைத் தழுவி நிற்பவை. 1746ஆம் ஆண்டு பிரெஞ்சுப் படை ஆங்கிலேயரிடமிருந்து சென்னையைக் கைப்பற்றியது. வெற்றி கிட்டிய சூட்டோடு சூடாக, நகரைப் பிடித்த லபூர்தொனேயும் ஆளுநர் துய்ப்ளேக்சும் தமக்குள் பிணங்கினர். மீட்புப் பணம் பெற்றுக்கொண்டு நகரை ஆங்கிலேயரிடமே திருப்பித் தரலாம் என்றார் ஒருவர். கூடவே கூடாது என்றார் மற்றவர். இரண்டாண்டு கழித்து, 1748இல், எங்கோ ஐரோப்பாவில் எழுதப்பட்ட அமைதி உடன்படிக்கை ஒன்று சென்னையை ஆங்கிலேயருக்கே மீட்டளித்தது. இருவருடைய பூசலும் பொருளற்றுப் போயிற்று.

அயல்நாட்டு உறவு பற்றிய கடும்பூசல் பகைவனோடு நிகழ்வதினும் தன் அணிக்குள்ளேயே மிகுதியாக நிகழ்கிறது என்பது அவ்வரலாறு உணர்த்தும் உண்மை. அன்று வெளியிலிருந்து ஒரு தமிழர் நோக்கிய ஆங்கிலேயரின் சொந்த நாட்டில், இருபதாம் நூற்றாண்டு முழுவதும் அரசியலாளர் பலர் நாட்குறிப்பு எழுதினர். அவர்தம் கட்சி அரசியலையும், அடிக்கடி திசைமாறிய அயலுறவுகளையும் அக்குறிப்புகளின் வழியே காண்பதே இவ்வுரையின் நோக்கம்.

நாட்குறிப்பின் இயல்பு

தன்வரலாறும் நாட்குறிப்பும் உடன்பிறந்தவை போலத் தோன்றினும் இயல்பால் வேறானவை. தன்வரலாறு எழுதுபவர் கதையின் முடிவை அறிந்தவர். எந்தக் கொள்கை வென்றது, எந்தத் தலைவர் வீழ்ந்தார் என்பதெல்லாம் தெரிந்தபின் அவர் எழுதுகிறார். ஆகவே, தாம் எல்லாவற்றையும் முன்பே உணர்ந்திருந்ததாகக் காட்டிக்கொள்ளும் ஆசை அவரை விடுவதில்லை. நாட்குறிப்பு எழுதுபவருக்கு அவ்வாய்ப்பு இல்லை. இன்றிரவு எழுதும் கைக்கு நாளைக் காலை நிகழப்போவது தெரியாது. தவறிய கணிப்பும் வீண் அச்சமும் அளவிறந்த நம்பிக்கையும் மை காய்ந்தபின் அப்படியே நின்றுவிடும். நாளையை அறியாமை நாட்குறிப்பின் குறை. அதுவே அதன் மெய்ம்மைக்குச் சான்றும் ஆகும்.

பிரித்தானிய நாடாளுமன்றத்தில் பேசப்பட்டவற்றை அறிய ஹன்சார்டு என்னும் அவைக் குறிப்பேடு உண்டு. ஆனால், உணவறையில் பேசப்பட்டதையும், கொறடா காதோடு காதாகச் சொன்னதையும், வாக்களிப்புத் தாழ்வாரத்தில் கட்சியோடு நடந்து சென்றவர் உள்ளத்துள் கொண்டிருந்த ஐயத்தையும் அக்குறிப்பேடு சொல்லாது. அவற்றைச் சொல்பவை நாட்குறிப்புகளே.

ஓர் அவையும் இரு குறிப்புகளும்

1938 செப்டம்பர் 28. செக்கோசுலோவாக்கியாவின் எல்லைப்புற நிலத்தை ஹிட்லர் கேட்டுநிற்கிறார். போர் வாயிற்படியில் நிற்கிறது. தலைமை அமைச்சர் நெவில் சேம்பர்லின் மக்களவையில் பேசிக்கொண்டிருக்கையில் அவரிடம் ஒரு தாள் சேர்ப்பிக்கப்படுகிறது. மியூனிக் நகருக்கு வருமாறு ஹிட்லர் அழைப்பு விடுத்துள்ளார் என்னும் செய்தியை அவர் அறிவிக்கிறார். அவை ஆர்ப்பரிக்கிறது, உறுப்பினர்கள் எழுந்து நின்று முழங்குகின்றனர்.

அந்த ஆரவாரத்தின் நடுவே எழாமல் அமர்ந்திருந்தவர்களுள் ஒருவர் ஹெரால்டு நிக்கல்சன். பின்னிருக்கையில் இருந்த உறுப்பினர் ஒருவர் எழுந்து நிற்கும்படி அவரை அதட்டினார் என்பர். நிக்கல்சன் எதிர்க்கட்சியினர் அல்லர். சேம்பர்லின் அரசை ஆதரித்த தேசியத் தொழிற்கட்சி என்னும் சிறுகட்சியைச் சேர்ந்தவர். 1935 தேர்தலில் மேற்கு லெஸ்டர் தொகுதியில் 87 வாக்கு வேறுபாட்டில் வென்று அவைக்கு வந்தவர். அதற்கு முன்னர் இருபதாண்டுக் காலம் தூதுவப் பணியில் இருந்தவர். 1919 பாரிசு அமைதி மாநாட்டை உடனிருந்து கண்டவர். ஐரோப்பாவின் எல்லைக்கோடுகள் எவ்வாறு வரையப்படுகின்றன, எவ்வாறு அழிக்கப்படுகின்றன என்பதை அறிந்திருந்ததால் அவரால் அன்று எழ இயலவில்லை.

அதே அவையில் அன்று இருந்தவர் ஹென்றி சானன். நண்பர்களால் 'சிப்ஸ்' என அழைக்கப்பட்டவர்; சிகாகோவில் பிறந்து, இலண்டன் உயர்குடியில் மணம் முடித்து, பழமைக் கட்சியின் சார்பில் சவுத்தெண்டு தொகுதி உறுப்பினரானவர்; அயலுறவுத் துணையமைச்சர் பட்லருக்கு நாடாளுமன்ற உதவியாளராக இருந்தவர். அவரும் நாள்தோறும் எழுதினார். சேம்பர்லின்பால் அவர் கொண்டிருந்த பற்று வழிபாட்டை ஒத்தது. நிக்கல்சனுக்குத் தலைகுனிவாகத் தோன்றிய அந்நாள் சானனுக்குத் திருநாளாகத் தோன்றிற்று.

ஆறு மாதத்திற்குள், 1939 மார்ச்சில், ஹிட்லரின் படை பிராகா நகருள் புகுந்தது. 1940 மே மாதத்தில் நார்வே போர் பற்றிய விவாதத்தின் முடிவில் சேம்பர்லின் அரசு 281க்கு 200 என்ற கணக்கில் வென்றது. ஆயினும், அரசின் ஆதரவாளர்கள் நாற்பதுக்கு மேற்பட்டோர் எதிர்த்து வாக்களித்திருந்தனர். நிக்கல்சன் அவர்களுள் ஒருவர். அவ்வெற்றியே சேம்பர்லினுக்குத் தோல்வியாயிற்று. மே 10 அன்று சர்ச்சில் பொறுப்பேற்றார். ஆட்சியை மாற்றியது எதிர்க்கட்சியின் வலிமை மட்டுமன்று. ஆளுங்கட்சி இருக்கைகளில் அமர்ந்திருந்தோரின் மனமாற்றமும் ஆகும்.

இவ்விடத்தில் வள்ளுவரின் அதிகார அடைவு எண்ணத்தக்கது. பகைமாட்சி, பகைத்திறம் தெரிதல் ஆகியவற்றை அடுத்து உட்பகை என்னும் அதிகாரம் வைக்கப்பட்டுள்ளது. புறப்பகையினும் அகப்பகையே அஞ்சத்தக்கது என்பது அதன் சாரம். அமைச்சு என்னும் அதிகாரத்திலோ, கேளாத அரசனுக்கும் நன்மை தருவதை எடுத்துரைத்தல் அருகிருப்போர் கடமை என அவர் வற்புறுத்துகிறார். அவ்வாறாயின், அன்று எழாமல் அமர்ந்திருந்தவர் உட்பகைவரா, கடமை அறிந்த அமைச்சரா? கட்சிக் கொறடாவின் விடை ஒன்று. காலத்தின் விடை வேறொன்று. இவ்விரு விடைகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் ஒரு மனிதன் என்ன துன்புறுகிறான் என்பதை நாட்குறிப்பு ஒன்றே பதிவு செய்கிறது.

தந்தையும் மைந்தரும்

நிக்கல்சனின் மைந்தர் நைஜல் நிக்கல்சன் 1952இல் பழமைக் கட்சியின் சார்பில் போர்ன்மவுத் கிழக்கு, கிறைஸ்ட்சர்ச் தொகுதியில் வென்று மக்களவைக்கு வந்தார். நான்காண்டில் அவருக்கும் தந்தைக்கு வந்த சோதனை வந்தது.

1956 சூலை 26 அன்று எகிப்தின் அதிபர் நாசர் சூயஸ் கால்வாய் நிறுவனத்தை நாட்டுடைமையாக்கினார். அப்போது பிரித்தானியத் தலைமை அமைச்சராக இருந்தவர் அந்தோணி ஈடன். இவர் 1938 பிப்ரவரியில், இத்தாலியைப் பொறுத்துச் சேம்பர்லின் மேற்கொண்ட கொள்கையை ஏற்காது அயலுறவு அமைச்சர் பதவியைத் துறந்தவர். வல்லாட்சியாளர்க்கு விட்டுக்கொடுத்தல் தீது என்னும் பாடத்தை 1930களில் கற்ற அவர், நாசரை அக்காலச் சர்வாதிகாரிகளின் வரிசையில் வைத்து நோக்கினார். அக்டோபரில் பாரிசுக்கு அருகிலுள்ள செவ்ரு என்னுமிடத்தில் பிரித்தானியா, பிரான்சு, இசுரேல் ஆகிய மூன்றும் மறைவாக உடன்பட்டன. இசுரேல் எகிப்தைத் தாக்குவது. போரிடும் இருவரையும் விலக்குவது போலப் பிரித்தானியாவும் பிரான்சும் கால்வாயில் இறங்குவது. இதுவே திட்டம்.

அமெரிக்க அதிபர் ஐசனோவர் துணைநிற்க மறுத்தார். பவுண்டு நாணயத்தின் மதிப்பு ஆட்டங்கண்டது. அதைக் காக்க வேண்டிய கடனுக்கும் வாசிங்டனையே நாடவேண்டியிருந்தது. நவம்பர் 6 அன்று போர் நிறுத்தம் ஏற்கப்பட்டது. பேரரசு என்னும் தோற்றம் சில நாள்களில் கலைந்தது. 1957 சனவரி 9 அன்று ஈடன் பதவி விலகினார். ஒரு காலத்திற்குப் பொருந்திய பாடத்தை மற்றொரு காலத்தில் பொருத்தியதால் நேர்ந்த தவறு எனச் சூயஸ் நிகழ்ச்சியைச் சுருங்கக் கூறலாம்.

நவம்பரில் நடந்த நம்பிக்கை வாக்கெடுப்பில் பழமைக் கட்சியினர் சிலர் வாக்களியாது ஒதுங்கினர். நைஜல் நிக்கல்சன் அவர்களுள் ஒருவர். தொகுதிக் கட்சிச் சங்கம் சினந்தெழுந்தது. அவர்மேல் நம்பிக்கையில்லை எனத் தீர்மானித்து வேறு வேட்பாளரைத் தேடியது. சூயஸ் ஒன்றே காரணமன்று. தூக்குத் தண்டனை ஒழிப்பை அவர் ஆதரித்ததும், அவர் பங்கு கொண்டிருந்த பதிப்பகம் நபகோவின் 'லொலிட்டா' புதினத்தை வெளியிட முனைந்ததும் சங்கத்தாரின் மனக்கசப்பைப் பெருக்கின. 1959இல் சங்க உறுப்பினரிடையே அஞ்சல்வழி வாக்கெடுப்பு நடந்தது. நைஜல் 91 வாக்கு வேறுபாட்டில் தோற்றார். அவருடைய நாடாளுமன்ற வாழ்வு அத்துடன் முடிந்தது.

தந்தை 87 வாக்கில் நுழைந்த அவையிலிருந்து மைந்தர் 91 வாக்கில் வெளியேறினார். தந்தையின் நிலைப்பாட்டை ஈராண்டில் காலம் ஏற்றது. மைந்தரின் நிலைப்பாட்டையும் காலம் ஏற்றது. ஆயினும், தொகுதிக் கட்சி அவரை மீண்டும் அழைக்கவில்லை. மெய்யென நிறுவப்பட்டமை மன்னிக்கப்பட்டமை ஆகாது என்பதே கட்சி அரசியலின் கசப்பான பாடம்.

அரசியலை விட்டு நீங்கிய நைஜல் ஒரு பெரும்பணியை மேற்கொண்டார். தந்தையின் நாட்குறிப்புகளையும் மடல்களையும் தொகுத்து 1966 முதல் 1968 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்டார். மூன்றாம் தொகுதி வெளிவந்த அவ்வாண்டிலேயே தந்தை மறைந்தார். 1938இல் எழாமல் இருந்தவரின் எழுத்தை, 1956இல் வாக்களியாமல் இருந்தவர் பதிப்பித்தார். அத்தொகுதிகளைப் படிப்போர் இரு தலைமுறையின் மனச்சான்றை ஒருங்கே காண்கின்றனர்.

ஓர் அமைச்சரவையும் மூன்று குறிப்புகளும்

பழமைக் கட்சிக்கு நேர்ந்த சோதனை தொழிற்கட்சியையும் விட்டுவைக்கவில்லை. 1964 முதல் 1970 வரை ஆண்ட ஹெரால்டு வில்சனின் அமைச்சரவையில் ரிச்சர்டு கிராஸ்மன், பார்பரா காசில், டோனி பென் ஆகிய மூவர் நாட்குறிப்பு எழுதிவந்தனர். ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து, ஒரே விவாதத்தைக் கேட்டு, மூவரும் மூவகையாக எழுதினர். பார்பரா காசில் இதழியலிலிருந்து அரசியலுக்கு வந்தவர். ஆடவர் மிகுந்த அவ்வமைச்சரவையில் ஒரு பெண்ணின் கண் எவற்றைக் கண்டது என்பதற்கும் அவர் குறிப்புகள் சான்றாகின்றன.

1967 நவம்பரில் பவுண்டின் மதிப்பு 2.80 டாலரிலிருந்து 2.40 டாலராகக் குறைக்கப்பட்டது. அம்மாதத்திலேயே பிரெஞ்சு அதிபர் தெ கோல், ஐரோப்பியப் பொதுச்சந்தையில் சேரப் பிரித்தானியா விடுத்த வேண்டுகோளை இரண்டாம் முறையாகத் தடுத்தார். 1968 சனவரியில், சிங்கப்பூர், மலேசியா, பாரசீக வளைகுடா ஆகிய இடங்களிலிருந்து 1971 இறுதிக்குள் படைகளைத் திருப்பி அழைக்க அமைச்சரவை முடிவு செய்தது. நூற்றாண்டுகளாக நிலைத்த ஓர் உலகநிலை முடிவுக்கு வருவதை அந்நாள்களின் குறிப்புகளில் காணலாம். மருத்துவச் சீட்டுக் கட்டணம், பள்ளி விடும் வயது, போர் வானூர்தி வாங்குதல், கீழ்த்திசைப் படைத்தளம் ஆகிய அனைத்தும் ஒரே செலவுக் குறைப்புப் பட்டியலில் இடம்பெற்றிருந்தன. அயலுறவு என்பது தூதுவர் மாளிகையில் மட்டும் உருவாவதில்லை. வரவு செலவுக் கணக்கின் ஓரத்திலும் உருவாகிறது.

கிராஸ்மன் 1974இல் மறைந்தார். அவர் நாட்குறிப்பின் முதற்பகுதி அச்சேறும் நிலையில், அமைச்சரவையின் மறைபொருள் வெளியாகும் எனக் கூறி அரசு வழக்குத் தொடுத்தது. 1975 அக்டோபரில் தலைமை நீதிபதி விட்ஜரி தீர்ப்பு வழங்கினார். அமைச்சரவையில் பேசப்பட்டதை மறைத்துக் காக்கும் உரிமை நீதிமன்றத்திற்கு உண்டு; ஆனால், ஏறத்தாழப் பத்தாண்டு கடந்த செய்தியால் இன்றைய அமைச்சரவைக்குக் கேடு விளையாது என்பது தீர்ப்பின் கருத்து. நூல் வெளிவந்தது. சுடும் செய்தி ஆறி வரலாறாகப் பத்தாண்டு போதும் என்பது அன்று நீதிமன்றம் வகுத்த அளவு.

இடம் மாறிய கட்சிகள்

ஐரோப்பிய உறவு பற்றிய வரலாறு இரு கட்சிகளையும் தலைகீழாக்கியது. 1971 அக்டோபர் 28 அன்று பொதுச்சந்தையில் சேரும் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தபோது, தொழிற்கட்சியினர் 69 பேர் தம் கட்சிக் கொறடாவை மீறிப் பழமைக் கட்சி அரசோடு வாக்களித்தனர். பழமைக் கட்சியினர் 39 பேர் தம் அரசை எதிர்த்தனர். 1973 சனவரி 1 அன்று பிரித்தானியா சேர்ந்தது. 1975 சூன் 5 அன்று நடந்த பொதுவாக்கெடுப்பில் 67.2 விழுக்காட்டினர் நீடிக்க ஒப்பினர். அப்போது அமைச்சர்கள் வெளிப்படையாக மாறுபட வில்சன் இசைவளித்தார். பென், காசில் உள்ளிட்ட எழுவர் எதிர்ப்பக்கம் நின்றனர். பழமைக் கட்சியின் புதிய தலைவி மார்கரெட் தாட்சரோ நீடிப்பதற்கு ஆதரவாகப் பரப்புரை செய்தார். 1983 தேர்தலில் விலகுவோம் என அறிவித்தது தொழிற்கட்சி.

பின்னர்க் காற்று திசைமாறிற்று. தாட்சர் 1988இல் புரூச் நகரில் ஐரோப்பியக் கூட்டாட்சிப் போக்கை எதிர்த்துப் பேசினார். 1990 நவம்பரில் அவர் வீழ்ந்தமைக்கு ஐரோப்பா பற்றிய உட்கட்சிப் பிளவும் ஒரு காரணம். அந்நாள்களின் பரபரப்பை ஆலன் கிளார்க்கின் நாட்குறிப்பு உயிர்ப்புடன் காட்டுகிறது. 2016 சூன் 23 அன்று 51.9 விழுக்காட்டினர் விலக வாக்களித்தனர். 2019 சனவரி 15 அன்று தெரசா மே கொணர்ந்த விலகல் உடன்பாடு 432க்கு 202 என்ற கணக்கில் தோற்றது. வீழ்த்தியவர்களுள் நூற்றுக்கு மேற்பட்டோர் அவர் கட்சியினரே. 2020 சனவரி 31 அன்று பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு நீங்கியது. சேர்த்த கட்சியே விலக்கியும் வைத்தது.

இராக்குப் போரும் இதே உண்மையை உரைக்கும். 2003 மார்ச் 17 அன்று, முன்னாள் அயலுறவு அமைச்சர் ராபின் குக் அமைச்சரவையை விட்டு விலகினார். மறுநாள் தொழிற்கட்சியினர் 139 பேர் தம் அரசுக்கு எதிராகப் போர்மறுப்புத் திருத்தத்தை ஆதரித்தனர். அன்று எதிர்த்தவர்களுள் ஒருவரான கிறிஸ் மல்லின் சில திங்களில் அதே அரசின் அயலுறவுத் துறையில் இளைய அமைச்சரானார். கட்சி தண்டிக்கவும் செய்யும். தேவையெனில் மறக்கவும் செய்யும் என்பதற்கு அவருடைய நாட்குறிப்புகள் சான்று.

நாட்குறிப்பின் குறைகள்

நாட்குறிப்பில் உள்ளது எல்லாம் மெய் எனக் கொள்ளுதல் பிழை. எழுதுபவர் தம்மை நடுவில் நிறுத்தியே உலகைக் காண்பர். பதிப்பவர் கத்தரியும் உடனிருக்கும். சானனின் நாட்குறிப்பு 1967இல் முதலில் வெளிவந்தபோது மிகப்பல பகுதிகள் நீக்கப்பட்டிருந்தன. 2021, 2022ஆம் ஆண்டுகளில் மூன்று பெருந்தொகுதிகள் வெளிவந்த பின்னரே முழு உருவம் புலப்பட்டது. நைஜல் நிக்கல்சனின் தொகுப்பும் ஒரு மகனின் தேர்வே. எனவே, ஒரு நாட்குறிப்பைப் படிப்போர் அதனோடு மாறுபடும் மற்றொன்றையும் உடன்வைத்துப் படித்தல் வேண்டும். நிக்கல்சனை மட்டும் படிப்போருக்கு 1938இன் தெளிவு கிட்டும். சானனையும் படிப்போருக்கே அன்று அறிவுடையோர் பலர் எவ்வாறு ஏமாந்தனர் என்பது விளங்கும். அவர்கள் கொடியவர் அல்லர். மற்றொரு பெரும்போரை அஞ்சியவர்கள். முதல் உலகப்போரில் நண்பரையும் உறவினரையும் இழந்த தலைமுறையினர். தவறு செய்தவரின் நாட்குறிப்பே அத்தவறு எவ்வளவு இயல்பாக நேர்ந்தது என்பதைக் கற்பிக்கிறது.

நிறைவாக

பிரித்தானியக் கட்சி அரசியலில் அயலுறவு பற்றிய பெருந்திருப்பங்கள் கட்சிக்கும் கட்சிக்கும் இடையே மட்டும் நிகழ்ந்தவை அல்ல. மியூனிக், சூயஸ், ஐரோப்பா, இராக்கு ஆகிய நான்கும் கட்சிகளுக்கு உள்ளேயும், தனி மனிதரின் நெஞ்சுக்கு உள்ளேயும் நிகழ்ந்தவை. மாறுபட்டு நின்றவர் எல்லாரும் சரியானவர் அல்லர். உடன்பட்டு நின்றவர் எல்லாரும் கோழையரும் அல்லர். எவர் எத்தகையவர் என்பதை அன்றே அறிய இயலாது என்பதே இதில் உள்ள துன்பம். ஆகவேதான், மாறுபட்டவரை உட்பகைவர் எனத் துரத்துமுன் கட்சிகளும் அமைப்புகளும் சற்றே பொறுத்தல் வேண்டும். போர்ன்மவுத்தில் அப்பொறுமை 91 வாக்குக் குறைவாக இருந்தது.

2024 சூலையில் ஆட்சிக்கு வந்த தொழிற்கட்சி, 2025 மே திங்களில் ஐரோப்பிய ஒன்றியத்தோடு இலண்டனில் உச்சிமாநாடு ஒன்றை நடத்தியது. அந்த முயற்சியின் பொருளைக் காலமே உரைக்கும். அன்றைய இரவிலும் அவையின் ஏதோ ஓர் அறையில் எவரேனும் ஒருவர், நாளை என்னவாகும் என்று அறியாமல், கண்டதைக் கண்டவாறு எழுதியிருக்கக்கூடும்.

ஒரு சொல் ஆறிப் பொதுவுடைமையாகப் பத்தாண்டு போதும் என்பது ஒரு நீதிபதி வகுத்த அளவு. பத்தாண்டு நிறைந்த இவ்வட்டத்தின் கூட்டங்களில் ஒலித்த மாறுபட்ட குரல்களும் ஒத்த குரல்களோடு இம்மலரில் இடம்பெறுமாயின், பின்வருவோர் அதை நன்றியோடு படிப்பர்.